திருமுழுக்கு: வாக்குறுதியை வீட்டில் வாழ்வோம்



நம் பிறந்த நாள் நமக்குத் தெரியும். திருமண நாளும் தெரியும். திருமுழுக்குப் பெற்ற நாள் எது என்று கேட்டால் நம்மில் பலர் விழிக்கிறோம். 2014 சனவரி 8ஆம் நாள் புதன் மறைக்கல்வி உரையில் திருத்தந்தை பிரான்சிஸ் இக்கேள்வியைக் கேட்டார். தெரியாதவர்கள் வீட்டில் விசாரித்து அறிந்துகொள்ளுமாறும் கேட்டுக்கொண்டார்.

நம் திருமுழுக்குச் சான்றிதழ் பெரும்பாலும் பீரோவில், நிலப் பத்திரத்தோடு இருக்கிறது. திருமண ஓலை எழுதும்போது வெளியே எடுக்கிறோம். மீண்டும் உள்ளே வைத்துவிடுகிறோம். ஆனால் அன்று திருஅவை பெற்றோர் கையில் ஒப்படைத்தது அந்தத் தாளை மட்டுமா? அன்று நடந்ததைச் சற்று நினைத்துப் பார்ப்போம்.

முதலில் குழந்தையின் நெற்றியில் சிலுவை அடையாளம் வரையப்பட்டது. குருவானவர் மட்டுமல்ல, பெற்றோரும் ஞானப்பெற்றோரும் வரைந்தார்கள். தண்ணீருக்குப் பின் கிறிஸ்மா எண்ணெய் பூசப்பட்டது. குருவும் இறைவாக்கினரும் அரசருமான கிறிஸ்துவின் பணியில் குழந்தை பங்குபெற்றது. வெண்ணிற ஆடை அணிவிக்கப்பட்டது. பாஸ்கா திரியிலிருந்து ஏற்றிய ஒளி, அணையாமல் காக்கும்படி குடும்பத்தாரிடம் கொடுக்கப்பட்டது. பேசத் தெரியாத குழந்தைக்காக வாக்குக் கொடுத்தவர்கள் பெரியவர்களாகிய நாமே. எனவேதான் 1964ஆம் ஆண்டு இரண்டாம் வத்திக்கான் சங்கம், திருச்சபை பற்றிய ஏட்டின் 11ஆம் எண்ணில், குடும்பத்தை இல்லத் திருஅவை என்றும், பெற்றோரைப் பிள்ளைகளுக்கு நம்பிக்கையை முதலில் அறிவிப்பவர்கள் என்றும் கற்பித்தது.

அந்த வாக்கை வீட்டில் எப்படி வாழ்வது?

பள்ளிக்குப் புறப்படும் பிள்ளையின் நெற்றியில் தாயோ தந்தையோ சிலுவை அடையாளம் வரையலாம். அரை நிமிடம் போதும். தேர்வில் தோற்று வந்த நாளிலும் அதே நெற்றியில் அதே அடையாளத்தை வரைவோம். கடவுளின் அன்பு மதிப்பெண்ணைப் பார்த்து வருவதில்லை என்பதைப் பிள்ளை அப்போது புரிந்துகொள்ளும்.

அதிகாலையில் அடுப்பு மூட்டும் தாயின் உழைப்பும், இரவு வேலை முடித்து வரும் தந்தையின் களைப்பும், அப்பத்தோடும் இரசத்தோடும் ஒப்புக்கொடுக்கப்படும்போது அது குருத்துவப் பணி. கடன்காரர் அழைக்கும்போது, "அப்பா வீட்டில் இல்லை என்று சொல்" எனப் பிள்ளையிடம் தொலைபேசியைக் கொடுக்காமல் நாமே உண்மையைப் பேசுவது இறைவாக்குப் பணி. சீடர்களின் பாதங்களைக் கழுவியவர் நம் அரசர். எனவே சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைக்கும் தந்தை அரசப் பணியைத்தான் செய்கிறார்.

வெண்ணிற ஆடைதான் நமக்குக் கடினமானது. திருமுழுக்கினால் கிறிஸ்துவை அணிந்துகொண்டவர்களிடையே யூதர், கிரேக்கர் என்ற வேறுபாடோ, அடிமை, உரிமைக் குடிமகன் என்ற வேறுபாடோ இல்லை எனப் பவுலடியார் கலாத்தியருக்கு எழுதினார். நாமோ வரன் பார்க்கும்போது முதலில் சாதியைக் கேட்கிறோம். பிறகுதான் திருமுழுக்குச் சான்றிதழைக் கேட்கிறோம். இருவரும் ஒரே கிறிஸ்துவுக்குள் திருமுழுக்குப் பெற்றிருந்தும், வேறு சாதி என்பதற்காக மகளுக்கோ மகனுக்கோ வீட்டுக் கதவைச் சாத்திய குடும்பங்கள் நம் பங்குகளில் உண்டு. பேரப்பிள்ளையின் முகத்தைப் பார்க்காத தாத்தா பாட்டிகளும் உண்டு. அந்தக் கதவைச் சாத்தும்போது, பிள்ளைக்கு நாமே அணிவித்த வெண்ணிற ஆடையை நாமே கழற்றி எறிகிறோம். இது வலிக்கும் உண்மை. ஆயினும் சொல்லாமல் விட முடியாது.

அன்பார்ந்தவர்களே, இந்த வாரம் சான்றிதழை எடுத்துப் பார்ப்போம். கிடைக்காவிட்டால் பங்கு அலுவலகத்துத் திருமுழுக்குப் பதிவேட்டில் கேட்டறிவோம். வீட்டில் ஒவ்வொருவருடைய நாளையும் நாட்காட்டியில் குறித்து வைப்போம். அந்த நாள் வரும்போது ஒரு திரியை ஏற்றி, பாஸ்கா திருவிழிப்பில் செய்வதுபோல் திருமுழுக்கு வாக்குறுதிகளைக் குடும்பமாகப் புதுப்பிப்போம். ஞானப்பெற்றோரை அழைத்துப் பேசுவோம். நாம் கதவைச் சாத்திய பிள்ளை யாரேனும் இருந்தால், முதல் அழைப்பு அவருக்கே போகட்டும்.

நம்மைத் தம் பிள்ளைகளாக ஏற்றுக்கொண்ட தந்தையாம் இறைவன் நம் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.