திசை காட்டும் சொற்கள் – 14: கீழே இருக்கும் கிழக்கு

வடகாற்று என்றால் வடக்கிலிருந்து வருவது, வடக்கே போவது அல்ல என்று போன வாரம் பார்த்தோம். அடுத்ததாக 'நார்ஈஸ்டர்' புயலை எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் 'டவுன் ஈஸ்ட்' வந்து வழிமறித்துவிட்டது.

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் மெய்ன் மாநிலத்தின் கடற்கரைக்கு அந்தப் பெயர். வரைபடத்தை விரித்தால் மெய்ன் பாஸ்டனுக்கு மேலே இருக்கிறது. ஆனால் பழைய மெய்ன்காரர்களிடம் கேட்டால் பாஸ்டனுக்கு 'ஏறி'ப் போவார்கள், அங்கிருந்து ஊருக்கு 'இறங்கி' வருவார்கள். தெற்கே போவதுதான் அவர்களுக்கு 'அப் டு பாஸ்டன்'!

வரைபடத்தை மூடிவிட்டுக் கடலைப் பாருங்கள், கணக்கு சரியாகிவிடும். கோடையில் அந்தக் கரையில் பெரும்பாலும் தென்மேற்குக் காற்றுதான். பாஸ்டனில் சரக்கேற்றிப் புறப்படும் பாய்க்கப்பலுக்கு அது பின்காற்று. பாயை விரித்தால் போதும், காற்றுவாக்கில் ஓடிவிடலாம். காற்று போகும் பக்கம் மாலுமிக்கு 'டவுன்'. திரும்பும்போது அதே காற்று முகத்தில் அடிக்கும். நேரே போக முடியாது. பாயை இப்படியும் அப்படியும் திருப்பி, வளைந்து வளைந்துதான் முன்னேற வேண்டும். அதனால் பாஸ்டன் 'அப்'.

நம் கிழக்கிலும் 'கீழ்' இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. நமக்கு மேற்கே மலை, கிழக்கே கடல். அது நிலத்தின் சரிவு. அவர்களுடையது காற்றின் போக்கு. இரண்டு கரைகள் இருவேறு காரணத்தால் கிழக்கைக் கீழே வைத்திருப்பதை நினைக்க நினைக்க எனக்கு வியப்பு அடங்கவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மெய்னில் கட்டிய பெரிய பாய்க்கப்பல்களுக்கே 'டவுன்ஈஸ்டர்' என்று பெயர் வந்தது. கலிபோர்னியக் கோதுமையை ஏற்றிக்கொண்டு கேப் ஹார்ன் முனையைச் சுற்றிவந்த கப்பல்கள் அவை. 1884இல் பாத் நகரில் கட்டிய 'ஹென்றி பி. ஹைட்' அவற்றில் பேர்போனது. 2001 டிசம்பரில் பாஸ்டனுக்கும் போர்ட்லண்டுக்கும் இடையே ஓடத் தொடங்கிய ரயிலுக்கும் 'டவுன்ஈஸ்டர்' என்றுதான் பெயர். இப்போது அது பிரன்ஸ்விக் வரை போகிறது. அசல் டவுன் ஈஸ்ட்டான ஹான்காக், வாஷிங்டன் மாவட்டங்கள் அதற்கும் கிழக்கே இருக்கின்றன.

அந்த வாஷிங்டன் மாவட்டத்தில், லூபெக் ஊரில் ஒரு கலங்கரை விளக்கம் இருக்கிறது. 1858இல் கட்டிய செங்கல் கோபுரம். சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையாக வண்ணம் பூசியிருக்கிறார்கள். அமெரிக்கப் பெருநிலப்பரப்பின் கிழக்குக் கோடி அந்த முனைதான். பெயரோ 'வெஸ்ட் குவாடி ஹெட்'. நாட்டின் கிழக்கு எல்லைக்கு மேற்கு என்று பெயர்! காரணம், 'ஈஸ்ட் குவாடி' பக்கத்தில் கனடாவின் காம்போபெல்லோ தீவில் இருக்கிறது. இரண்டு முனைகளில் எது கிழக்கு, எது மேற்கு என்று கடலோடி பார்த்த கணக்கு அது. தேச எல்லை அந்தக் கணக்கில் வரவே இல்லை.

நார்ஈஸ்டர் அடுத்த வாரம். அதற்குள் கடலோர வாசகர்கள் ஓர் உதவி செய்யுங்கள். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் ஆகிய பெயர்களை உங்கள் ஊர் மீனவர்கள் எந்தெந்தத் திசைக் காற்றுக்குச் சொல்கிறார்கள் என்று கேட்டு, ஊர்ப்பெயரோடு எழுதி அனுப்புங்கள்.