உதிரிப்பாகமும் காத்திருப்புக் காலமும்
படைக்கலப் பராமரிப்பின் களஞ்சிய முறைகளும் உடுப்பிட்டி தரும் படிப்பினையும்

போர் பற்றி எழுதப்படுவனவற்றுட் பெரும்பாலானவை தளபதிகளையும் களங்களையும் பற்றியனவாகவே அமைகின்றன. படைவண்டியொன்று புறப்படுவதும் புறப்படாமற் கிடப்பதும் பெரும்பாலும் ஓர் ஒயில் சீலினாலோ, ஒரு போல் பேரிங்கினாலோ தீர்மானிக்கப்படுகின்றது என்பது எமது ஆய்வுலகில் உரிய கவனத்தைப் பெறவில்லை. படைக்கலப் பராமரிப்புக்கான உதிரிப்பாகங்களை எவ்வளவு, எங்கே, எவ்வாறு வைத்திருத்தல் வேண்டும் என்னும் வினா, இருபதாம் நூற்றாண்டிற் கணிதமும் முகாமைத்துவமும் இணைந்து வளர்த்த ஓர் அறிவுத்துறையாகும். அத்துறையின் அடிப்படைகளை விளக்குவதும், அவை வடமராட்சியின் உடுப்பிட்டி போன்ற ஓர் ஊரின் வாழ்வோடு எவ்வாறு பிணைந்துள்ளன என்பதைக் காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

உடுப்பிட்டியைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. வற்றாத ஆறெதுவும் இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டிற் பயிர்ச்செய்கை கிணற்று நீரையே நம்பியுள்ளது. துலாவும் சூத்திரமும் மறைந்து நீரிறைக்கும் இயந்திரம் பரவியபின், தோட்டக்காரனின் விளைச்சல் இயந்திரத்தின் நலத்தோடு கட்டுண்டது. அதே மண்ணில் 1987 மே மாதம் வடமராட்சி இராணுவ நடவடிக்கை தொடங்கியதிலிருந்து பல படைகள் வந்து நிலைகொண்டன. படையின் இயந்திரமும் தோட்டக்காரனின் இயந்திரமும் ஒரே ஒழுங்கை வழியே, ஒரே வகையான பேரிங்குகளிற் சுழன்றன.

1. பலசரக்குக் கடையும் படைக் களஞ்சியமும்

வாணிபக் களஞ்சியத்தின் நோக்கம் சரக்கை விரைவில் விற்று முதலை மீட்பதாகும். அரிசியும் சீனியும் நாள்தோறும் விலைபோவன. அவற்றின் தேவையை முன்கூட்டியே மதிப்பிடலாம். ஒருமுறை எவ்வளவு கொள்வனவு செய்தல் சிக்கனமானது என்பதற்கான சூத்திரத்தை ஃபோர்ட் டபிள்யூ. ஹரிஸ் என்னும் அமெரிக்கர் 1913இல் வெளியிட்டார். பெறுமதி மிகுந்த சில பொருள்களை நுணுக்கமாகவும், பெறுமதி குறைந்த பலவற்றை இலகுவாகவும் கண்காணிக்கும் மூவகைப் பாகுபாட்டினை ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த ஃபோர்ட் டிக்கி 1951இல் விளக்கினார்.

உதிரிப்பாகக் களஞ்சியமோ இதனின் வேறுபட்டது. கியர்ப்பெட்டியின் ஒரு பற்சில்லு மூன்றாண்டுகள் அசையாமற் கிடக்கலாம். கணக்காளன் கண்ணுக்கு அது முடங்கிய முதல். ஆயினும் அது இல்லாத நாளில் வண்டி முழுவதும் முடங்கிவிடும். இதனாலேயே பெறுமதிப் பாகுபாட்டோடு முக்கியத்துவப் பாகுபாடும் வேண்டப்படுகின்றது. இயந்திரத்தை நிறுத்திவிடுவன உயிர்நிலைப் பாகங்கள், அதன் திறனைக் குறைப்பன இன்றியமையாதன, வசதிக்குரியன வேண்டத்தக்கன. ஐந்து ரூபாப் பெறுமதியுள்ள றப்பர் வளையம் முதல் வகையிலும், ஐயாயிரம் ரூபாப் பெறுமதியுள்ள இருக்கை உறை மூன்றாம் வகையிலும் அடங்கலாம். விலையை மட்டும் நோக்குபவர் இவ்விடத்திலேயே தவறுகின்றனர்.

2. காத்திருப்புக் காலம்

பாகமொன்று வேண்டுமெனக் கேட்கும் நாளுக்கும் அது கைக்கு வந்துசேரும் நாளுக்கும் இடைப்பட்டதே காத்திருப்புக் காலமாகும். கையிருப்பின் அளவைத் தீர்மானிப்பதில் இதுவே தலையாயது. உடுப்பிட்டிக்கு வடக்கே அடுத்துள்ள வல்வெட்டித்துறையின் கடலோடிகளுக்கு இவ்வுண்மை புதியதன்று. அங்கு கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தமை பலரும் அறிந்ததே. கரை தொலைவாகும்போது கப்பல் தன் தேவையைத் தானே சுமந்து செல்லல் வேண்டும். அருகில் துறைமுகம் உள்ள தோணிக்கு ஒரு கயிறு போதும். நடுக்கடலைக் கடக்கும் கலத்துக்குப் பாயும் கயிறும் மரமும் மிகையாக வேண்டும்.

இதனை எண்களாற் காண்போம். ஓரிடத்தில் ஒரே வகையான 20 இயந்திரங்கள் உள்ளன எனக் கொள்வோம். அவை படை லொறிகளாகவும் இருக்கலாம். நீரிறைக்கும் இயந்திரங்களாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் சராசரியாக ஐந்தாண்டுக்கு ஒருமுறை பிஸ்டன் வளையத் தொகுதி மாற்றப்படல் வேண்டும். எனவே ஓராண்டின் மொத்தத் தேவை 4 தொகுதிகள். காத்திருப்புக் காலம் மூன்று மாதமாயின் அக்காலத்தின் சராசரித் தேவை 1. ஆயினும் சராசரி ஒன்று என்பதால் ஒன்றை வைத்திருத்தல் போதாது. ஏனெனிற் பழுதுகள் தவணை முறையில் வருவனவல்ல. இவ்வாறு ஒழுங்கின்றி நிகழ்வனவற்றை அளக்கப் பயன்படுவது புவசோன் பரம்பல். அதன்படி மூன்று தொகுதிகளைக் கையிருப்பில் வைத்தால், காத்திருப்புக் காலத்தின் தேவை அதனை மிஞ்சாதிருப்பதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 98 ஆகும்.

இனிப் பாதை மூடப்பட்டுக் காத்திருப்புக் காலம் ஓராண்டாகின்றது எனக் கொள்வோம். இயந்திரங்கள் அவையே, பழுதடையும் வீதமும் அதுவே. ஆனால் அக்காலத்தின் சராசரித் தேவை 4 ஆகிவிடுகின்றது. முன்னர் போதுமாயிருந்த அதே மூன்று தொகுதிகள் இப்போது தேவைக்கு ஈடுகொடுக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 43 ஆக வீழ்கின்றது. பழைய பாதுகாப்பைப் பெறுவதற்கு எட்டுத் தொகுதிகள் வேண்டும்.

இக்கணக்கின் பொருள் தெளிவானது. முற்றுகை என்பது எந்த இயந்திரத்தையும் நேரடியாக உடைப்பதில்லை. அது காத்திருப்புக் காலத்தை நீட்டுகின்றது. எஞ்சியதை நாட்கள் செய்துவிடுகின்றன.

3. எங்கே வைப்பது, எவ்வாறு காப்பது

படைகள் பொதுவாகப் பராமரிப்பைப் படிநிலைகளாகப் பகுக்கின்றன. அணியிலேயே செய்யப்படும் சிறு திருத்தம், முன்னரங்கத்துக்கு அண்மையிலுள்ள தொழிற்கூடத்தின் திருத்தம், தளத் தொழிற்கூடத்தின் முழுப் புதுக்கம் என்பன அவை. உதிரிப்பாகங்களும் அவ்வாறே பகிரப்படும். எல்லாவற்றையும் முன்னே வைத்தாற் பொருள் சிதறும். எல்லாவற்றையும் பின்னே வைத்தாற் காலம் வீணாகும். இப்படிநிலைகளைத் தனித்தனியே நோக்காது ஒருங்கே நோக்கிக் கணிக்கும் முறையை ரான்ட் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த கிறெய்க் ஷேர்புரூக் 1968இல் வெளியிட்டார். களஞ்சியம் எத்தனை கோரிக்கைகளை நிறைவேற்றியது என்பதிலும், இன்னும் எத்தனை கோரிக்கைகள் நிறைவேறாது காத்துக்கிடக்கின்றன என்பதே சிறந்த அளவுகோல் என்பது அவரது முறையின் உட்கருத்தாகும்.

வகைகள் பெருகுவதும் ஒரு கேடாகும். 1941இல் சோவியத் நாட்டின்மீது படையெடுத்த செருமானியப் படை ஏறத்தாழ 2000 வகையான வாகனங்களோடு சென்றதென வரலாற்றாசிரியர் குறிப்பிடுவர். அத்தனைக்கும் உரிய பாகங்களை எந்தக் களஞ்சியமும் தாங்காது. அன்றியும், ஒரே பேரிங் மூன்று உற்பத்தியாளரின் மூன்று இலக்கங்களாற் பதியப்படுமாயின், ஒரு தட்டில் அது தேங்கிக் கிடக்க, மற்றொரு தட்டில் ‘இல்லை’ என எழுதப்படும். இதனைத் தவிர்ப்பதற்கே நேட்டோ நாடுகள் ஒவ்வொரு பொருளுக்கும் 13 இலக்கங்களைக் கொண்ட பொது எண்ணை வழங்குகின்றன.

வைத்திருத்தல் வேறு, கெடாது வைத்திருத்தல் வேறு. வெப்பத்தாலும் வெளிச்சத்தாலும் றப்பர் இறுகி வெடிக்கும். ஆதலின் சீல்களும் குழாய்களும் தமக்குரிய ஆயுட்கால நாளோடு பதியப்பட்டு, முதலில் வந்தது முதலில் வழங்கப்படல் வேண்டும். பேரிங்குகளை உறையிலிருந்து பிரித்தலாகாது. விரலின் வியர்வையே துருவுக்குப் போதுமானது. ரயர்கள் வெயில்படாது நிமிர்த்தி வைக்கப்படல் வேண்டும். உப்புக்காற்று வீசும் வடமராட்சி போன்ற கரையோரப் பகுதிகளில் எண்ணெய்ப் பூச்சும் மெழுகுத்தாளும் இன்றி வைக்கப்படும் இரும்பு, பயன்படுத்தப்படாமலேயே தேய்ந்துவிடும்.

பாகம் கிடைக்காதபோது ஒரு வண்டியைக் குலைத்து மற்றொன்றை ஓடவைப்பது எல்லாப் படைகளும் கையாளும் வழியாகும். 1979ஆம் ஆண்டுப் புரட்சிக்கு முன்னர் அமெரிக்காவிடமிருந்து 79 எஃப்-14 விமானங்களைப் பெற்றிருந்த ஈரான், வழங்கல் நிறுத்தப்பட்டபின் இவ்வாறும் உள்நாட்டு உற்பத்தியாலும் அவற்றுட் சிலவற்றைப் பறக்கவைத்தது. ஆயின் இது கடன்பட்டு உண்பது போன்றது. சிதறிக்கிடக்கும் குறைகள் ஒரே வண்டியிற் குவிக்கப்படுகின்றனவேயன்றி நீக்கப்படுவதில்லை.

பிறநாட்டு வழங்கலை நம்புதலின் இடர் எமது அயலிலும் காணப்பட்டது. 1991இற் சோவியத் ஒன்றியம் கலைந்தபோது, அதன் படைக்கலங்களைப் பெரிதும் கொண்டிருந்த இந்தியா உதிரிப்பாகத் தட்டுப்பாட்டை எதிர்கொண்டது. சென்னைக்கு அண்மையிலுள்ள ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலை போன்றவற்றின் பெறுமதி இத்தகைய காலத்திலேயே புலனாகும். தாங்கியை உள்நாட்டிற் கட்டுதல் பெருமைக்குரியதாகலாம்; அதன் பாகங்களை உள்நாட்டில் வார்க்கும் ஆற்றலே அதனை ஓடவைக்கும்.

4. குடாநாடு ஒரு களஞ்சியமாக

1990 ஜூன் மாதம் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டின் தரைவழித் தொடர்பு துண்டிக்கப்பட்டது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளுக்கு எரிபொருள், மின்கலம், சீமெந்து, உரம் முதலியவற்றோடு இயந்திர உதிரிப்பாகங்களும் செல்வது தடுக்கப்பட்டது அல்லது கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. படைத்தேவைக்குப் பயன்படக்கூடியவை என்பதே அதற்குக் கூறப்பட்ட நியாயமாகும்.

இங்குப் படையினரும் அதே கணக்குக்கு உட்பட்டிருந்தனர் என்பது கவனிக்கத்தக்கது. குடாநாட்டில் நிலைகொண்ட அரச படைகளுக்கான வழங்கல் பலாலி விமானத்தளத்தையும் காங்கேசன்துறைத் துறைமுகத்தையுமே சார்ந்திருந்தது. 1995 ஏப்ரல் இறுதியில் இரு அவ்ரோ விமானங்கள் பலாலிக்கு அண்மையில் அடுத்தடுத்துச் சுட்டு வீழ்த்தப்பட்டபோது வான்வழியும் இடர்மிக்கதாயிற்று. தென்னாபிரிக்காவிலிருந்து பெறப்பட்ட பவல் கவசவாகனத்தைத் தழுவி யுனிகோர்ன் போன்றவற்றை இராணுவத்தின் மின், இயந்திரப் பொறியியற் படையணி உள்நாட்டிலே கட்டியமையை இப்பின்னணியில் விளங்கிக்கொள்ளலாம். ஆயினும் படைக்குக் கப்பலும் விமானமும் கருவூலமும் இருந்தன. எதிர்த்துப் போரிட்டோரிடமும் படகுகளும் அமைப்பும் இருந்தன. உடுப்பிட்டித் தோட்டக்காரனிடம் இருந்தது ஒரு தகரப்பெட்டியும் அதனுள் கிடந்த சில ஆணிகளுமே. தடையின் இலக்கு படையாயினும், அதன் சுமை மிகக் குறைந்த கையிருப்பு உள்ளவனின் தலையிலேயே இறங்கியது.

சுமை இரட்டிப்பானதற்கு மற்றொரு காரணமும் உண்டு. பெற்றோல் இன்மையாற் சில துளிகளைக் கொண்டு இயந்திரத்தை இயக்கிப் பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டும் வழக்கம் பரவியது. அமுக்கவிகிதம் குறைந்த பழைய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் வண்டிகள் அதனைத் தாங்கின. எனினும் முற்றாக எரியாத மண்ணெண்ணெய் உருளைச் சுவரின் எண்ணெய்ப் படலத்தைக் கழுவி, மசகெண்ணெயை நீர்க்கச் செய்து, பிஸ்டன் வளையங்களை விரைந்து தேய்க்கும். எரிபொருள் தடையே உதிரிப்பாகத் தேவையைக் கூட்டியது. முன்னைய கணக்கிற் பழுதடையும் வீதமும் இருமடங்காகுமாயின், சராசரித் தேவை 8 ஆகும். மூன்று தொகுதிகள் போதுமாவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 4 மட்டுமே.

இவ்வளவிருந்தும் இயந்திரங்கள் பல ஓடின. அதற்குக் காரணம் கராச்சுகளிலும் கடைசல் பட்டறைகளிலும் வளர்ந்த அறிவாகும். எந்த வண்டியின் பேரிங் எந்த நீரிறைக்கும் இயந்திரத்துக்குப் பொருந்தும் என்பதை நினைவிற் கொண்டிருந்த தொழிலாளர், நேட்டோவின் பதின்மூன்று இலக்கங்கள் செய்யும் வேலையைத் தம் மூளையாற் செய்தனர். பழைய ரியூபில் கஸ்கெற் வெட்டினர். தேய்ந்த தண்டினைக் கடைந்து புதைசு பொருத்தினர். சைக்கிள் டைனமோவை மிதித்து வானொலி கேட்டனர். இவ்வறிவைப் போற்றும் அதேவேளை, இதனை அழகியற் கதையாக்கிவிடலும் ஆகாது. பொருத்தமற்ற பாகத்தால் விரைந்து அழிந்த இயந்திரங்களும், நீரின்றி வாடிய பயிர்களும் இக்கணக்கின் மறுபக்கமாகும்.

5. முடிவுரை

2002இல் ஏ-9 பாதை திறந்தது. 2006இல் மீண்டும் மூடப்பட்டது. போர் 2009இல் முடிவுற்றது. ஆயினும் காத்திருப்புக் காலத்தை நீட்டுவது துப்பாக்கி மட்டுமன்று என்பதை 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி இலங்கை முழுவதற்கும் காட்டியது. அந்நியச் செலாவணி வற்றியபோது, இறக்குமதியான இயந்திரங்களை நம்பியிருந்த எல்லா ஊர்களும் ஒருவகையில் 1990களின் உடுப்பிட்டியாயின.

படைகள் பெருஞ்செலவிற் கற்ற பாடங்களைக் குடிமக்கள் வாழ்வுக்குத் திருப்புதல் சாத்தியமே. ஒரு பகுதியின் விவசாயிகள் இயலுமானவரை ஓரிரு வகை நீரிறைக்கும் இயந்திரங்களையே தெரிவு செய்தல். உயிர்நிலைப் பாகங்களைப் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களின் பொதுக் களஞ்சியத்தில் வைத்தல். பழுதுகளின் பதிவேட்டைப் பேணிக் கையிருப்பைக் கணக்கிடல் என்பன முதற்படிகளாகும். பொதுக் களஞ்சியத்தின் பயனையும் எம் கணக்கே காட்டும். தன் ஒரு இயந்திரத்துக்காக ஒவ்வொருவரும் ஒரு தொகுதி வாங்கினால் 20 தொகுதிகள் வேண்டும். 20 பேரும் ஒன்றுகூடினால், பாதை மூடப்பட்ட ஓராண்டைக் கூட எட்டுத் தொகுதிகளோடு பெரும்பாலும் கடந்துவிடலாம். தனியுடைமையின் அச்சம் இருபதைக் கேட்கின்றது. கூட்டுழைப்பின் நம்பிக்கைக்கு எட்டுப் போதுகின்றது.

தடைக்காலத்துத் தொழிலாளரின் பொருந்து பாக அறிவு பெரும்பாலும் ஏட்டில் ஏறவில்லை. அவர்கள் முதுமையடைந்து வருகின்றனர். கிளிநொச்சியில் 2014 முதல் இயங்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடமும், எமது தமிழ்ச் சங்கங்களும் இணைந்து, அவர்களின் வாய்மொழியைத் தமிழிலேயே தொகுத்தல் காலத்தின் தேவையாகும். அறிவும் ஒரு கையிருப்பே. அதற்கும் ஆயுட்காலம் உண்டு.