காடையும் ஃபின்ச் குருவியும் ஒரே கூண்டில் வளரலாமா?



சுயதொழில் உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வருகிறவர்களில் பலர் காடை வளர்ப்பைப் பற்றிப் பேசுகிறார்கள். இடம் குறைவாகப் போதும். ஆறு, ஏழு வாரத்திலேயே முட்டையிடத் தொடங்கிவிடும். வீட்டில் இருந்தபடியே பெண்கள் கவனித்துக்கொள்ளலாம். அதே வீடுகளில் பிள்ளைகள் ஆசைக்கு ஃபின்ச் குருவிகளையும் வளர்க்கிறார்கள். அதனால் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது.

"குருவி மேலே கம்பில்தானே உட்காரும்? அதே கூண்டின் தரையில் காடையை விட்டால் என்ன? குருவி சிந்துகிற தினையைக் காடை பொறுக்கித் தின்றுவிடும். கூண்டுச் செலவும் மிச்சம், தீவனச் செலவும் மிச்சம்."

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வருமானத்துக்காக வளர்க்கும் காடையைக் குருவிக் கூண்டில் விடாதீர்கள். ஆசைக்காக இரண்டு, மூன்று காடைகளை மட்டும் வளர்ப்பதானால், ஆள் உள்ளே நின்று நடமாடும் அளவுள்ள பெரிய கூண்டில் குருவிகளோடு சேர்த்து வளர்க்கலாம். அதற்கும் சில நிபந்தனைகள் உண்டு. அவற்றைத்தான் இங்கே விளக்குகிறோம்.

மார்க்கம் தரும் அனுமதியும் பொறுப்பும்

காடை நமக்குப் புதிய பறவை அல்ல. பனூ இஸ்ராயீல் மக்களுக்கு அல்லாஹ் இறக்கிக் கொடுத்த 'மன்னு, ஸல்வா' பற்றித் திருக்குர்ஆன் மூன்று இடங்களில் (2:57, 7:160, 20:80) பேசுகிறது. அந்த ஸல்வா காடைதான் என்று விரிவுரையாளர்கள் விளக்கம் தருகிறார்கள்.

அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூ உமைர் ஒரு சின்னக் குருவியை வைத்திருந்ததும், அந்தக் குருவியைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் அச்சிறுவரிடம் அன்போடு விசாரித்ததும் புகாரி, முஸ்லிம் நூல்களில் பதிவாகியுள்ளன. பறவையைக் கூண்டில் வளர்க்கலாம் என்பதற்கு அறிஞர்கள் இதையும் ஆதாரமாகக் காட்டுவார்கள். ஆனால் ஒரு பூனையை அடைத்து வைத்து, உணவும் கொடுக்காமல், அது தானே தேடித் தின்னவும் விடாமல் சாகவிட்ட பெண் தண்டனைக்கு ஆளான செய்தியும் அதே நூல்களில் இருக்கிறது. அடைத்து வைத்த உயிர் தன் இரையைத் தானே தேட முடியாது. அதன் பசி, தாகம், வெயில், பயம் எல்லாவற்றுக்கும் நாமே பொறுப்பு. கூண்டுப் பறவை நம்மிடம் இருக்கும் அமானிதம்.

எந்தக் காடை, எந்தக் குருவி?

பண்ணைகளில் வளர்வது ஜப்பானியக் காடை. நம் நாட்டுக்கு இது 1974-ல் வந்தது. உத்தரப் பிரதேசத்தில் உள்ள இசத்நகரில் ஆராய்ச்சிக்காக வளர்க்கப்பட்டு, பிறகு நாடெங்கும் பரவியது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் நந்தனம் காடை, நாமக்கல் காடை ஆகிய இனங்களை உருவாக்கித் தந்திருக்கிறது. குஞ்சுகளைப் பண்ணை, பொரிப்பகங்களில் மட்டும் வாங்குங்கள். காட்டில் வலை வைத்துப் பிடித்த காடையையும் கவுதாரியையும் 'நாட்டுக் காடை' என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-ன்படி அது குற்றம்.

குருவியிலும் இதே கவனம் வேண்டும். ஜீப்ரா ஃபின்ச் ஆஸ்திரேலியப் பறவை. தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே வளர்ந்து பெருகியது. அதை வளர்க்கத் தடையில்லை. ஆனால் நம் வயல்வெளிகளில் தினையும் சாமையும் கொத்தித் திரிகிற சில்லைகள் காட்டுப் பறவைகள். அவற்றைப் பிடித்து, சில நேரம் சாயம் பூசியும் விற்கிறார்கள். வாங்குவதும் குற்றமே. ஜாவா குருவி வெளிநாட்டுப் பறவைதான் என்றாலும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. 2024-ல் வந்த விதிகளின்படி அதை வைத்திருப்பவர்கள் 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும்.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது?

வெளிநாடுகளில் குருவிக் கூடங்களின் தரையில் காடை விடும் வழக்கம் உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் அங்கே விடுவது ஜப்பானியக் காடையை அல்ல. நீலமார்புக் காடை என்ற மிகச் சிறிய இனத்தை விடுகிறார்கள். அதன் எடை சுமார் 40, 50 கிராம்தான். அந்த இனம் நம் நாட்டில் காட்டுப் பறவையாகவும் வாழ்வதால், வனத்துறையிடம் கேட்காமல் அதை வாங்கக் கூடாது.

நம் கையில் இருக்கும் பண்ணைக் காடை 180 முதல் 200 கிராம் வரை வளரும். ஜீப்ரா ஃபின்ச்சின் எடை சுமார் 12 கிராம். அதாவது குருவியைப் போலப் பதினைந்து மடங்குக்கும் மேல். வெளிநாட்டுப் படத்தைப் பார்த்து அப்படியே செய்தால் தவறிப் போவதற்கு முதல் காரணம் இதுதான்.

சேர்த்து அடைத்தால் என்ன நடக்கும்?

முதலாவது, தீவனம். குருவிக்குத் தினை, சாமை, கம்பு போன்ற சிறுதானியம் போதும். காடைக்கு அது போதாது. காடைக் குஞ்சின் தீவனத்தில் புரதம் 24 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. முட்டையிடும் காடைக்கு 20 சதவீதமாவது வேண்டும். சிந்திய தினையைத் தின்று காடை வயிற்றை நிரப்பிக்கொள்ளும். ஆனால் இளைக்கும், முட்டை நின்றுபோகும். தீவனம் மிச்சமாகிறது என்று நினைத்த இடத்தில் முட்டையே இல்லாமல் போகிறது.

இரண்டாவது, எச்சம். குருவி மேலிருந்து போடும் எச்சம் காடையின் தீவனத்திலும் தண்ணீரிலும் விழும். குடல் நோய்கள் பலவும் எச்சம் வழியாகத்தான் பரவுகின்றன. காடைக்குக் குடல் புண் நோய் வந்தால் நேற்று நன்றாக இருந்தது இன்று செத்துக் கிடக்கும்.

மூன்றாவது, பயம். காடை மிரண்டால் பக்கவாட்டில் ஓடாது. நேராக மேலே எழும்பும். கூரை கம்பியாக இருந்தால் தலையில் அடிபட்டு மண்டைத் தோல் உரிந்துவிடும். இரவில் பூனை ஒன்று கூண்டின் மேல் குதித்தால் போதும். காடை எழும்பும், அந்தச் சத்தத்தில் உறங்கும் குருவிகள் இருட்டில் பறந்து கம்பியில் மோதும்.

நான்காவது, குஞ்சுகள். ஜீப்ரா ஃபின்ச் முட்டை சுமார் 14 நாளில் பொரிக்கும். இன்னும் மூன்று வாரத்துக்குள் குஞ்சுகள் கூட்டை விட்டு இறங்கும். சரியாகப் பறக்கத் தெரியாமல் முதல் நாள் தரையில்தான் உட்காரும். அங்கே சேவல் காடை இருந்தால் கொத்திவிடும்.

ஐந்தாவது, வெளிச்சம். முட்டைக்காக வளர்க்கும் காடைக்கு விளக்கு போட்டு ஒரு நாளில் 16 மணி நேரம் வெளிச்சம் கொடுப்பார்கள். அதே விளக்கில் குருவிகளுக்கு உறக்கம் கெடும். ஓய்வில்லாமல் முட்டையிட்டு முட்டையிட்டுப் பெண் குருவி நலிந்துபோகும். ஒன்றுக்கு நல்லது மற்றதற்குக் கேடாக முடிகிற இடம் இது.

ஆசைக்கு வளர்ப்பவர்கள் செய்ய வேண்டியவை

பத்தடி நீளம், ஆறடி அகலம், ஏழடி உயரம் உள்ள கூண்டாக இருந்தால் ஐந்தாறு ஜோடி குருவிகளும் மூன்று காடைகளும் சங்கடமில்லாமல் இருக்கும். காடையில் ஒரு சேவல், இரண்டு பெட்டை என்ற கணக்கு வேண்டும். இரண்டு சேவலை ஒருபோதும் விடாதீர்கள், சண்டை நிற்காது. நெஞ்சு முழுக்கச் செம்பழுப்பாக இருந்தால் சேவல். வெளிறிய நெஞ்சில் கரும்புள்ளிகள் இருந்தால் பெட்டை.

கூரையின் உள்பக்கத்தில் மெல்லிய துணி வலையைத் தொய்வாகக் கட்டுங்கள். காடை எழும்பினாலும் அடிபடாது. சுற்றிலும் அரை அங்குலக் கண்ணுள்ள கம்பி வலை வேண்டும். ஒரு அங்குல வலையில் எலி நுழைந்துவிடும். வலையை ஓரடி ஆழம் மண்ணுக்குள் இறக்கிப் புதைத்தால் எலியும் கீரியும் தோண்டி வர முடியாது.

தரை கம்பியாக இருக்கக் கூடாது. காடையின் பாதம் புண்ணாகும். மண் தரையில் உமி பரப்பி, ஒரு மூலையில் உலர்ந்த மணலைக் குவித்து வையுங்கள். காடைக்கு அதுதான் குளியல். ஒளிந்துகொள்ள உடைந்த பானையோ புல் கட்டோ இருக்கட்டும். குருவி உட்காரும் கம்புகளும் கூட்டுப் பெட்டிகளும் ஐந்தடி உயரத்துக்கு மேலே, ஒரே பக்கமாக இருக்கட்டும். காடையின் தீவனமும் தண்ணீரும் அதற்கு எதிர்ப்பக்கத்தில், சிறு கூரைக்குக் கீழே இருக்கட்டும். குருவித் தானியத்தைத் தொங்கும் தட்டில் வைத்து, அதன் அடியில் அகலமான தாம்பாளம் ஒன்றை வைத்தால் தரையில் சிந்தாது. குருவிக்குக் கடல்நுரையும், காடைக்குக் கிளிஞ்சல் தூளும் கொடுங்கள்.

புதிதாக வாங்கும் எந்தப் பறவையையும் ஒரு மாதம் தனியாக வைத்துப் பார்த்த பிறகே சேருங்கள். குருவிக் குஞ்சுகள் கூட்டை விட்டு இறங்கும் வாரத்தில் காடைகளைத் தனிக் கூண்டுக்கு மாற்றிவிடுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் நம் பக்கம் தகரக் கூரை கொதிக்கும். அதன் மேல் தென்னங்கீற்று போட்டு, தண்ணீரை நாளுக்கு மூன்று முறை மாற்றுங்கள்.

பிழைப்புக்கு வளர்ப்பவர்கள்

இருபது காடை வைத்தால் நாளொன்றுக்கு சுமார் அரைக் கிலோ தீவனம் தேவைப்படும். அந்தக் கணக்கில் குருவி சிந்தும் தினை எந்த மூலைக்கு? காடைக்குத் தனிக் கூண்டு, தனித் தீவனம், தனி விளக்கு என்பதே சரி. பண்ணைக் காடை பெரும்பாலும் அடைகாக்காது. பொரிப்பானில் 17, 18 நாளில் குஞ்சு வரும். குஞ்சு ஏழெட்டு கிராம்தான் இருக்கும். தண்ணீர்த் தட்டில் விழுந்தே செத்துவிடும். தட்டில் கோலிக்குண்டுகளைப் போட்டு வையுங்கள். முதல் வாரத்தில் 35 டிகிரி வெப்பம் வேண்டும். பிறகு வாரம் மூன்று டிகிரி வீதம் குறைக்கலாம்.

வட்டியில்லாக் கடன் வாங்கித் தொடங்குகிறவர்களிடம் நாம் இதை வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. காடை செத்தாலும் கடன் சாகாது. அந்தத் தவணை திரும்பி வந்தால்தான் வரிசையில் காத்திருக்கும் அடுத்த சகோதரிக்குக் கொடுக்க முடியும். கூண்டில் மிச்சம் பிடிக்கப் போய் முதலையே இழந்துவிடக் கூடாது.

நோய் என்றால்

இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒதுங்கி நிற்பது, தண்ணீர்போல் எச்சமிடுவது, வாயைத் திறந்து மூச்சு வாங்குவது இவையெல்லாம் அறிகுறிகள். அந்தப் பறவையை உடனே பிரித்து வையுங்கள். பல பறவைகள் திடீரெனச் செத்தால் அவற்றைத் தின்னவோ விற்கவோ கூடாது; அரசு கால்நடை மருத்துவமனைக்குத் தெரிவியுங்கள். 1962 என்ற எண்ணிலும் அழைக்கலாம். தொடங்குவதற்கு முன் ஆலோசனை பெற, குண்டலப்பட்டியில் உள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகப் பயிற்சி மையத்தையோ பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகலாம்.

கூண்டைச் சுத்தம் செய்யும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். தொழுகைக்குரிய உடையோடு கூண்டுக்குள் போக வேண்டாம். இந்த வேலைகளில் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு வாயில்லா உயிருக்கு வேளை தவறாமல் தண்ணீர் வைக்கப் பழகிய பிள்ளை, நாளை பக்கத்து வீட்டாரின் தாகத்தையும் கவனிக்கும், இன்ஷா அல்லாஹ்.