மனப்பாரத்தை இறக்கி வைக்க ஒரு கதை

"கதைப் புத்தகம் வாசிக்கத் தொடங்கினால் வீட்டு வேலை கெட்டுவிடும்." எமது தாய்மாரும் பாட்டிமாரும் அடிக்கடி சொன்ன வார்த்தை இது. பாடப் புத்தகம் படித்தால் பரீட்சையில் சித்தியடையலாம், சமயப் புத்தகம் படித்தால் நன்மை கிடைக்கும், கதைப் புத்தகத்தால் என்ன பிரயோசனம் என்று கேட்பவர்கள் இன்றும் எமது கிராமங்களில் இருக்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் கற்றபோது நாவல்களை ஆய்வுக்காக மட்டுமே புரட்டினேன். கதைக்கு ஒரு மனிதரின் நெஞ்சுப் பாரத்தைக் குறைக்கும் வல்லமை உண்டு என்பதைக் குறிஞ்சாக்கேணிப் பெண்கள்தான் எனக்குக் கற்றுத் தந்தார்கள்.

கிண்ணியாவைச் சேர்ந்த குறிஞ்சாக்கேணியும் அதன் அயற்கிராமங்களும் பட்ட துன்பங்களை இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. 1990இன் வன்செயல்கள், 2004 டிசம்பர் 26இல் வந்த கடல்கோள், 2006இல் மூதூரிலிருந்து அகதிகளாக வந்து கிண்ணியாவில் ஒதுங்கிய குடும்பங்கள், அதே ஆண்டில் சம்பூரை விட்டு வெளியேறி மீண்டும் ஊர் காணப் பல வருடங்கள் காத்திருந்த மக்கள் என்று எல்லாவற்றையும் இந்தப் பெண்கள் கண்ணால் கண்டவர்கள். யுத்தம் 2009 மே மாதத்தில் முடிந்தது. ஆனால் இரவில் நாய் குரைத்தால் திடுக்கிட்டு எழும்பும் பழக்கம் பலருக்கு இன்னும் முடியவில்லை.

அந்தத் தோணிக் கதை

2018ஆம் ஆண்டு. சிறுசேமிப்புக் குழுக் கூட்டத்துக்காக ஒரு வீட்டு விறாந்தையில் பத்துப் பதினொரு பெண்கள் கூடியிருந்தார்கள். கணக்குப் புத்தகம் கொண்டு வர வேண்டியவர் வந்து சேரவில்லை. சும்மா இருக்கும் நேரத்தில் என் பையில் கிடந்த ஒரு சிறுகதைத் தொகுதியை எடுத்து, க.பொ.த. சாதாரண தரம் எழுதியிருந்த ஒரு பிள்ளையிடம் கொடுத்து உரத்து வாசிக்கச் சொன்னேன். அது மூதூரைச் சேர்ந்த எழுத்தாளர் வ. அ. இராசரத்தினம் எழுதிய "தோணி" என்ற கதை. தனக்குச் சொந்தமாக ஒரு தோணி வேண்டுமென்று ஏங்கும் மீனவச் சிறுவனைப் பற்றியது.

கதை முடிந்ததும் சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. மூலையில் பாய் இழைத்துக்கொண்டிருந்த ராத்தா ஒருவர் கையை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "எங்கட வாப்பாக்கும் சொந்தத் தோணி இல்ல மிஸ். அடுத்தவங்கட தோணியிலதான் போவாரு. கடைசியாப் போனதும் அப்பிடித்தான்."

மூன்று வருடங்களாக நான் அவரைச் சந்தித்து வந்தேன். மரணச் சான்றிதழ், நட்டஈட்டு விண்ணப்பம், கிராம சேவகரின் கடிதம் ஆகியவற்றைத் தவிர அவர் எதுவும் என்னோடு பேசியதில்லை. "உங்கள் மனநிலை எப்படி இருக்கிறது?" என்று படிவத்தைப் பார்த்து நான் கேட்கும்போதெல்லாம் "நல்லம்" என்ற ஒரு சொல்தான் பதில். அன்று அரை மணி நேரம் பேசினார். தகப்பனின் கைகளில் எப்போதும் இருக்கும் வலையின் மணம், அவர் வாங்கி வரும் மிட்டாய், கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்த கடைசி நாள் என எல்லாவற்றையும் சொன்னார். மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கணக்குப் புத்தகம் வந்த பிறகும் ஒருவரும் எழும்பவில்லை.

எனது படிவத்தால் முடியாததை ஒரு கதை செய்தது எப்படி?

கதை மனதுக்கு என்ன செய்கிறது?

முதலாவது, கதை ஒரு திரையைப் போல நிற்கிறது. "உனக்கு என்ன நடந்தது?" என்று நேரே கேட்டால் வெட்கம், பயம், குடும்ப மானம் எல்லாம் வாயைக் கட்டிவிடும். கதையில் வரும் பெண்ணைப் பற்றிப் பேசுவதற்கு அந்தத் தடை இல்லை. அவளுக்காக அழலாம், அவளுக்காகக் கோபப்படலாம். அந்தக் கண்ணீரில் பாதி எமக்குச் சொந்தமானது என்பது எமக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

இரண்டாவது, பெயர் இல்லாத உணர்வுக்குக் கதை ஒரு பெயர் கொடுக்கிறது. "நெஞ்சுக்குள்ள என்னமோ செய்யுது" என்று மட்டும் சொல்லத் தெரிந்தவருக்கு, அது குற்ற உணர்வா, ஏக்கமா, கோபமா என்பது கதைமாந்தர் ஒருவரின் ஊடாகத் தெளிகிறது. பெயர் தெரிந்த துன்பத்தை இன்னொருவரிடம் சொல்ல முடியும்.

மூன்றாவது, ஒழுங்கு. பேரதிர்ச்சிக்கு உள்ளானவர்களின் ஞாபகங்கள் துண்டு துண்டாக, நினையாத நேரத்தில் வந்து தாக்குகின்றன. கதைக்கு ஒரு தொடக்கமும் நடுவும் முடிவும் உண்டு. கதைகளைக் கேட்டுப் பழகும் மனம் தன் சொந்த வாழ்வையும் மெல்ல மெல்ல அவ்வாறு கோத்துப் பார்க்கப் பழகுகிறது.

நான்காவது, ஓய்வு. கடனையும் அரிசி விலையையும் பிள்ளையின் ரியூசன் காசையும் இடைவிடாமல் சுற்றும் மனம், அரை மணி நேரம் வேறோர் ஊரில் வேறொருவரின் வீட்டில் இருந்துவிட்டு வருகிறது. இது சோம்பல் ஆகாது. நாள் முழுவதும் சுமந்த குடத்தைச் சற்று இறக்கி வைப்பதைப் போன்றது.

எமது நாட்டின் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், யுத்தத்தின் காயம் தனி மனிதரோடு நின்றுவிடுவதில்லை, குடும்பத்தையும் முழுச் சமூகத்தையும் அது காயப்படுத்துகிறது என்று தொடர்ந்து எழுதி வந்திருக்கிறார். அப்படியானால் ஆறுதலும் கூடியிருந்து பெறப்பட வேண்டியதே. தனியே வாசிப்பதை விடச் சேர்ந்து வாசிப்பது எமது பெண்களுக்குக் கூடுதலாகப் பொருந்துவதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

உலகமும் எமது முன்னோரும்

நூல்களைக் கொண்டு மனதை ஆற்றும் முறைக்கு 1916இல் அமெரிக்க எழுத்தாளர் சாமுவேல் குரோதர்ஸ் ஒரு தனிப் பெயரே வைத்தார். தமிழில் அதனை நூல்வழிச் சிகிச்சை எனலாம். முதலாம் உலக மகாயுத்தக் காலத்தில் அமெரிக்க நூலகச் சங்கம் படை முகாம்களுக்கும் காயமுற்றோர் இருந்த வைத்தியசாலைகளுக்கும் புத்தகங்களைக் கொண்டு சென்றது. இங்கிலாந்தின் லிவர்பூல் பகுதியில் ஜேன் டேவிஸ் என்ற பெண்மணி தொடங்கிய வாசிப்பு வட்டங்களில், வைத்தியசாலைகளிலும் சிறைச்சாலைகளிலும் முதியோர் இல்லங்களிலும் உள்ளவர்கள் கூடியிருந்து கதைகளையும் கவிதைகளையும் உரத்து வாசிக்கிறார்கள்.

தரமான கதைகளை வாசிப்பவர்கள் பிறர் மனதை நன்றாக விளங்கிக்கொள்கிறார்கள் என்று 2013இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியாகிப் பெரிதாகப் பேசப்பட்டது. பின்னர் வேறு ஆய்வாளர்கள் அதே பரிசோதனையைச் செய்தபோது அதே முடிவு கிடைக்கவில்லை. ஆகவே ஒரு கதையை வாசித்தவுடன் மனம் மாறிவிடும் என்று எவரும் வாக்குக் கொடுக்க முடியாது. சிறிது சிறிதாக, நெடுநாள் பழக்கத்தில் வரும் பலன் இது.

மேல்நாட்டாரைச் சொல்வானேன்? எமது கிழக்கு மாகாணத்தில் வைகாசி மாதம் கண்ணகை அம்மன் கோயில்களில் கண்ணகி வழக்குரை படிக்கப்படுகிறது. அநியாயமாகக் கணவனைப் பறிகொடுத்த ஒரு பெண் அரச சபையில் ஏறி நியாயம் கேட்பதை ஊரே இருந்து கேட்கிறது. உமறுப் புலவரின் சீறாப்புராணத்தில், வேடனிடம் அகப்பட்ட மான் தன் குட்டிக்குப் பால் கொடுத்து வர அனுமதி கேட்கும் இடத்தில் கண் கலங்காத தாய் உண்டா? ஆயிரத்தொரு இரவுகளில் வரும் ஷஹ்ரஸாத் கதை சொல்லியே தன் உயிரையும் மற்றப் பெண்களின் உயிரையும் காப்பாற்றினாள். கதை கேட்டு ஆறுதல் அடைவது எமக்குப் புதிதல்ல. இடையில் விட்டுப்போன பழக்கம்தான்.

நான் விட்ட பிழை

தோணிக் கதைக்குப் பிறகு மாதம் இரு தடவை வாசிப்புக்காகவே கூடினோம். அயலிலுள்ள ஆலங்கேணியிலிருந்தும் சில தமிழ்ச் சகோதரிகள் வந்தார்கள். அவர்களில் ஓர் அம்மாவின் மகன் யுத்தக் காலத்தில் போனவர், திரும்பவில்லை. அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்து, ரஞ்சகுமாரின் "கோசலை" என்ற சிறுகதையைக் கொடுத்தேன். மகன்மாரை இயக்கத்துக்குப் பறிகொடுக்கும் ஒரு தாயின் கதை அது.

இரண்டு பக்கம் வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடி என் மடியில் வைத்தார். "எனக்கு ஏலாது பிள்ளை" என்றார். அடுத்த இரண்டு மாதம் அவர் வரவில்லை. அந்த நாட்களில் அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று பக்கத்து வீட்டார் சொன்னபோது எனக்கு நெஞ்சு பதறியது. நல்லது செய்வதாக நினைத்து, ஆறாத புண்ணை நானே கீறிவிட்டேன். மருந்துக்கு அளவு உண்டு, வேளை உண்டு. கதைக்கும் அப்படித்தான்.

நான் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "சிரிப்பு வாற கதை ஒண்டும் உங்களிட்ட இல்லையோ?" என்று கேட்டார். தெனாலிராமன் கதைகளும் முல்லா நஸ்ருதீன் கதைகளும் கொண்டு போனேன். குறிஞ்சாக்கேணி ராத்தாமாரும் ஆலங்கேணி அக்காமாரும் ஒரே பாயில் இருந்து முல்லாவின் கழுதைக்குச் சிரித்தார்கள். அதுவரை ஒருவர் வீட்டில் ஒருவர் தேத்தண்ணீர் குடிக்கத் தயங்கியவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

ஒரு வருடம் சென்ற பின் அந்த அம்மா தானாகவே கேட்டார்: "அந்தத் தாயின்ர கதை இன்னும் கிடக்கோ?" இந்தத் தடவை முழுவதையும் வாசித்தார். அழுதார். பிறகு என்னிடம் ஒரேயொரு கேள்வி கேட்டார்: "இதை எழுதினவருக்கு எப்படிப் பிள்ளை தெரியும்?"

தன்னைப் போல் ஒருத்தி உலகில் இருக்கிறாள், தன் துயரத்தை யாரோ ஒருவர் அறிந்திருக்கிறார் என்ற எண்ணம் அந்தக் கேள்விக்குள் இருந்தது. மகன் திரும்பி வரவில்லை. வழக்கும் முடியவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவர் மகனின் பெயரைச் சொல்லிப் பேசத் தொடங்கினார்.

2021 நவம்பர் 23ஆம் திகதி, குறிஞ்சாக்கேணியில் மிதவைப் படகு கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பல உயிர்கள் பறிபோயின. அதன் பின் பல வாரங்கள் எமது வட்டம் கூடவில்லை. மீண்டும் கூடியபோது நான் எந்தக் கதையையும் தெரிவு செய்யவில்லை. தோணிக் கதை இருந்த புத்தகத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தேன். பெண்கள் பேசாமல் இருந்தார்கள், சிலர் துஆ ஓதினார்கள். கதைக்கும் இடமில்லாத நாட்கள் உண்டு. அன்று கூடியிருந்ததே போதுமானதாக இருந்தது.

நீங்களும் தொடங்கலாம்

சகோதரிகளே, இதற்குப் பெரிய செலவு இல்லை. ஐந்தாறு பேர், ஒரு பாய், ஒரு புத்தகம் போதும். எமது அனுபவத்தில் கண்ட சில விடயங்களைத் தருகிறோம்.

* ஒரு தடவைக்கு ஒரு சிறுகதை அல்லது நாவலின் ஓர் அத்தியாயம் மட்டும் வாசியுங்கள். அரை மணி நேரம் போதும்.
* ஒருவர் உரத்து வாசிக்க மற்றவர்கள் கேட்கட்டும். எழுத வாசிக்கத் தெரியாதவர் எவரும் வெட்கப்பட்டு ஒதுங்க வேண்டியதில்லை. கை வேலையோடும் கேட்கலாம்.
* தூரத்துக் கதையில் தொடங்குங்கள். கல்கியின் பொன்னியின் செல்வன் போன்ற சரித்திரக் கதைகளோ, வன்னிக் காட்டுக் கிராமத்தைக் காட்டும் அ. பாலமனோகரனின் "நிலக்கிளி"யோ நல்ல தொடக்கம். இறுதி யுத்தத்தைச் சொல்லும் தமிழ்க்கவியின் "ஊழிக்காலம்" போன்றவற்றை, விரும்பிக் கேட்பவர்கள் மட்டும், வேளை வந்தபின் வாசிக்கட்டும்.
* எவரும் எந்த இடத்திலும் "போதும்" என்று நிறுத்தலாம். காரணம் கேட்காதீர்கள்.
* கதை முடிந்ததும் "உங்களுக்கு என்ன நடந்தது?" என்று கேட்க வேண்டாம். "இந்தப் பெண் ஏன் இப்படிச் செய்தாள்?" என்று கேளுங்கள். பேச விரும்புபவர் பேசுவார். அங்கே பேசப்பட்டது அந்தப் பாயை விட்டு வெளியே போகக் கூடாது.
* புத்தகத்துக்குப் பொது நூலகத்தையும் பாடசாலை நூலகத்தையும் நாடுங்கள். கைத்தொலைபேசி உள்ளவர்கள் 2005 முதல் இயங்கும் நூலகம் இணையத்தளத்தில் ஈழத்துத் தமிழ் நூல்களை இலவசமாக வாசிக்கலாம்.

ஒன்றை மறக்க வேண்டாம். கதை வைத்தியருக்குப் பதிலாகாது. வாரக்கணக்கில் நித்திரையில்லை, சாப்பாடு இறங்குவதில்லை, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வருகிறது என்றால், உடனே அருகிலுள்ள வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குச் செல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு இரவிலும் அழைக்கலாம். அது வெட்கப்பட வேண்டிய காரியமல்ல.

அன்று பாய் இழைத்துக்கொண்டிருந்த ராத்தாவுக்கு இப்போது பேரப்பிள்ளைகள் உண்டு. இரவில் அவர்களுக்கு ஒரு கதை சொல்வாராம். தோணி கேட்டு ஏங்கிய பையனின் கதைதான். ஆனால் அவர் சொல்லும் கதையில் அந்தப் பையனுக்குக் கடைசியில் ஒரு தோணி கிடைத்துவிடுகிறது. "எழுதினவர் கோவிக்க மாட்டார்தானே மிஸ்?" என்று என்னிடம் கேட்டார்.

மாட்டார் என்றே நினைக்கிறேன்.