நீதிநெறி விளக்கத்தில் அரசாணையின் எல்லை

காரியாபட்டியை உள்ளிட்ட மதுரைச் சீமையைத் திருமலை நாயக்கர் 1623 முதல் 1659 வரை ஆண்டார். அவர் வேண்டுகோட்கிணங்கிக் குமரகுருபர அடிகள் 102 வெண்பாக்களில் நீதிநெறி விளக்கம் பாடினார் என்பது வழிவழிச் செய்தி. வேண்டியவர் வேந்தராயினும் நூல் முகமன் கூறவில்லை. குடிகளை வருத்தி இறை கொள்ளும் மன்னனைக் கன்றுடைய ஆவின் மடியை அழித்துப் பால் கொள்வானோடு ஒருங்கு வைத்து எள்ளுகிறது. வானம் பார்த்த இவ்வட்டாரத்து உழவனுக்கு இவ்வுவமைக்கு உரை வேண்டுவதில்லை. ஈண்டு நோக்கத்தக்கது, இறை கொள்ளும் உரிமை மறுக்கப்படாமையே. குடியோம்பிக் கொள்வானுக்குப் பெருநிதி சேரும் என்றும் அடிகளே கூறுகிறார். ஆகவே எல்லை கொள்ளும் பொருளின் அளவால் அன்று, கொடுக்கும் குடியின் வாழ்வால் வகுக்கப்படுகிறது.

அவ்வெல்லையைக் காப்பார் யார்? அமைச்சர். மதயானையின் விருப்பத்திற்குப் பாகன் அடங்குவதில்லை; அங்ஙனமே மன்னன் வெகுளினும் செவி சுடுமாறு இடித்துரைத்தல் அமைச்சர் கடன் என்பர். இது வள்ளுவர் காட்டிய வழியே. அமைச்சர் வாளாவிருப்பின் குடிகள் செய்யத்தக்கது யாது? கிளர்ந்தெழும் உரிமையை நூல் பேசவில்லை. திருமலை நாயக்கர் அரியணையில் இருந்த 1649-ஆம் ஆண்டில்தான், இங்கிலாந்தில் முதலாம் சார்லசு மன்னனை மன்றத்தில் நிறுத்தித் தலை கொய்தனர். அத்தகைய மன்றம் எதனையும் அடிகள் கருதினாரல்லர், சொல்லையே நம்பினார். உவமை இவ்விடத்துத் தளர்கிறது என்பது என் கருத்து. பாகனை யானை அமர்த்துவதில்லை. அமைச்சனையோ அரசனே அமர்த்துகிறான்.