தலைவலிக்குக் கழுத்தை முறிக்கலாமா?

பிடரியில் தொடங்கும். ஒரே பக்கமாக ஏறி நெற்றிப்பொட்டைத் தொட்டு, கண்ணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். கழுத்தைத் திருப்பினால் கூடும். கண்ணாடி மாற்றியாயிற்று, சைனஸ் என்று ஆவி பிடித்தாயிற்று, தைலமும் தடவியாயிற்று. வருஷக்கணக்கில் இப்படி அவதிப்படுகிறீர்களா? உங்கள் கழுத்தெலும்பை ஒருமுறை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கழுத்தின் மேல்பகுதியிலிருந்து வரும் மூன்று ஜோடி நரம்புகளும், நெற்றிக்கும் முகத்துக்கும் உணர்வு தரும் நரம்பும் கடைசியில் ஒரே இடத்தில் சேர்கின்றன. அதனால் கழுத்து மூட்டில் எழும் வலியை நெற்றிவலியாக மூளை எடுத்துக்கொள்கிறது. 1983-ல் நார்வே நரம்பியல் மருத்துவர் ஒட்டார் ஸ்யாஸ்டாட் குழுவினர் இதற்கு 'செர்விகோஜெனிக்' தலைவலி என்று பெயர் வைத்தார்கள். ஒற்றைத் தலைவலியிலும் கழுத்து வலிக்கும், எல்லாப் பழியையும் எலும்பின் மேல் போடக்கூடாது என்பவர்களும் உண்டு.

என் கவலை வேறு. கழுத்துதான் காரணம் என்று தோன்றியதும் நாம் எங்கே போகிறோம்? சலூனில் முடிவெட்டி முடித்ததும், "அண்ணே, அப்படியே கழுத்துல நெட்டி எடுத்து விடுங்க" என்று தலையைக் கொடுக்கிறோம். தாடையில் ஒரு கை, பிடரியில் ஒரு கை, வெடுக்கென்று ஒரு திருப்பு. சடக்கென்று சத்தம் கேட்டால் சுளுக்கு விட்டுவிட்டதாக நிம்மதி. மூட்டுத் திரவத்தில் உள்ள வாயுக்குமிழால் வரும் சத்தம் அது. சுளுக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மூளையின் பின்பகுதிக்கு ரத்தம் கொண்டுபோகும் இரண்டு தமனிகள் கழுத்தெலும்புகளின் துளைகள் வழியாகத்தான் ஏறுகின்றன. வேகமாகத் திருகும்போது அவற்றின் உட்சுவர் கிழியலாம். அங்கே உறைந்த ரத்தம் மேலே போய் அடைத்தால் பக்கவாதம். அபூர்வம்தான், ஆனால் இளவயதுக்காரர்களையும் அது விட்டுவைப்பதில்லை. திருகக்கூட வேண்டாம். அழகு நிலையத்தில் தலை அலசுவதற்காகக் கழுத்தைப் பின்னால் சாய்த்த ஐந்து பெண்களுக்கு நரம்பியல் பாதிப்பு வந்ததை 1993-லேயே அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்று பதிவு செய்திருக்கிறது.

கழுத்திலிருந்து வரும் தலைவலிக்கு நிதானமான வழி இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 200 பேரை வைத்து நடத்தி 2002-ல் வெளியிட்ட ஆய்வில், ஆறு வாரம் கழுத்துக்கும் தோளுக்கும் முறையாகப் பயிற்சி எடுத்தவர்களுக்குத் தலைவலி குறைந்தது. ஓராண்டுக்குப் பிறகும் அந்தப் பலன் நீடித்தது.

நெட்டி எடுத்த பிறகு தலைசுற்றல், பேச்சுக் குழறல், பார்வை இரண்டாகத் தெரிவது என எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். அடுத்த முறை சலூன் நாற்காலியில் உட்காரும்போதே சொல்லிவிடுங்கள்: "முடி மட்டும் போதும்ணே, கழுத்து வேண்டாம்."