பறக்கக் கற்றவர் எல்லாம் போர் விமானி ஆவாரா?

தஞ்சாவூருக்கு 2020-ல் சுகோய்-30 படைப்பிரிவு வந்ததிலிருந்தும், சூலூரில் தேஜஸ் விமானங்கள் பறக்கத் தொடங்கியதிலிருந்தும் நம் பிள்ளைகள் சிலருக்குப் போர் விமானி ஆகும் ஆசை பிறந்திருக்கிறது. நல்ல ஆசைதான். ஆனால் நமது கல்வி உதவிக் குழுவுக்கு வரும் சில விண்ணப்பங்களில் ஒரே தவறான கணக்கு திரும்பத் திரும்பத் தென்படுகிறது. "தனியார் விமானப் பயிற்சிப் பள்ளியில் சேர உதவி வேண்டும்; விமானி உரிமம் பெற்றதும் விமானப் படையில் சேர்ந்து போர் விமானி ஆவேன்" என்று எழுதுகிறார்கள். அந்தக் கட்டணத்துக்காக வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைக்கவும், உம்மாவின் நகையை விற்கவும், வட்டிக்கு வாங்கவும்கூடக் குடும்பங்கள் தயாராக இருக்கின்றன. எனவே இதைச் சற்று விரிவாகவே சொல்லிவிட நினைக்கிறோம்.

முதலில் நேரான பதில். பயிற்சிப் பள்ளியில் பெறும் வணிக விமானி உரிமம் பயணிகள் விமான வேலைக்கானது. போர் விமானத்துக்கு அது ஏணிப்படி அல்ல. இரண்டும் வேறு வேறு பாதைகள்.

வணிக விமானி உரிமத்துக்குக் குறைந்தது 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் தேர்வுகளிலும் தேற வேண்டும். இதற்கு ஆகும் செலவு 50 லட்சம் ரூபாயை ஒட்டி நிற்கிறது. குறிப்பிட்ட வகை விமானத்தை ஓட்டும் தகுதிக்கு அதற்கு மேலும் செலவழிக்க வேண்டும். இத்தனையும் செய்து உரிமத்தோடு வரும் இளைஞருக்கு விமானப் படை தரும் சலுகை என்ன தெரியுமா? வயது வரம்பில் இரண்டு ஆண்டு. பட்டதாரிகளுக்கான நுழைவில் 24 வயது வரை என்பது, செல்லத்தக்க இந்திய உரிமம் வைத்திருப்பவருக்கு 26 வரை நீள்கிறது. அவ்வளவுதான். எழுத்துத் தேர்விலோ நேர்காணலிலோ தனி மதிப்பெண் கிடையாது. 200 மணி நேரம் பறந்தவரும், விமானத்தில் ஏறியே பார்க்காதவரும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள்.

அந்த வரிசைக்குள் நுழைய நான்கு வாசல்கள் இருக்கின்றன. பிளஸ் டூவில் இயற்பியலும் வேதியியலும் கணிதமும் படித்தவர்கள், ஏறத்தாழ பதினாறரை முதல் பத்தொன்பதரை வயதுக்குள், யு.பி.எஸ்.சி. நடத்தும் என்.டி.ஏ. தேர்வை எழுதலாம். பட்டதாரிகளுக்கு சி.டி.எஸ்., ஏ.எஃப்.கேட் என இரண்டு தேர்வுகள் உள்ளன. ஏ.எஃப்.கேட் வழியாகப் பறக்கும் பிரிவில் சேருபவருக்கு 14 ஆண்டுப் பணிதான், ஓய்வூதியம் இல்லை. இதையும் தெரிந்துகொண்டே விண்ணப்பிக்க வேண்டும். நான்காவது வாசலை நம்மவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. கல்லூரியில் என்.சி.சி. விமானப் பிரிவில் சேர்ந்து 'சி' சான்றிதழ் பெற்றவர்கள், எழுத்துத் தேர்வே இல்லாமல் நேரடியாக நேர்காணலுக்குச் செல்லும் வழி அது. தனிப்பயிற்சி மையத்துக்குக் கட்டப் பணமில்லாத வீட்டுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல வாசல் இல்லை என்பது நமது கருத்து.

இடங்கள் எத்தனை? அண்மை ஆண்டுகளின் என்.டி.ஏ. அறிவிப்புகளில் விமானப் படையின் பறக்கும் பிரிவுக்கு ஒரு தேர்வுக்கு 92 இடங்களும், சி.டி.எஸ்.ஸில் விமானப் படைக்கு 32 இடங்களும் காட்டப்பட்டன. ஆண்டுக்கு இரண்டு முறை இந்தத் தேர்வுகள் நடக்கின்றன. விண்ணப்பிப்பவர்களோ லட்சக்கணக்கில். அந்த 92 பேரும் போர் விமானிகள் அல்லர் என்பதை இங்கேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; காரணம் பின்னால் வருகிறது.

எழுத்துத் தேர்வில் வென்றால் அடுத்தது விமானப் படைத் தேர்வு வாரியம். தமிழகத்துப் பிள்ளைகளுக்கு மைசூரு வாரியம் கிட்டத்தில் உள்ளது. ஐந்து நாள் தங்கவைத்துப் பேச வைக்கிறார்கள், எழுத வைக்கிறார்கள், குழுவாக வேலை செய்ய வைக்கிறார்கள். முதல் நாளிலேயே ஒரு வடிகட்டல் உண்டு; அன்று மாலையே பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்புபவர்கள் அதிகம். இதில் தோற்றால் மறுபடியும் வரலாம்.

விமானிக்கான கணினித் தேர்வு அப்படியல்ல. கையும் காலும் கண்ணும் ஒன்றுக்கொன்று எவ்வளவு இசைந்து வேலை செய்கின்றன, பல வேலைகளை ஒரே நேரத்தில் மனம் எப்படித் தாங்குகிறது என்பதை அது அளக்கிறது. வாழ்நாளில் ஒரே முறைதான். அதில் தவறியவர் விமானப் படையின் பறக்கும் பிரிவுக்கு மறுபடி வரவே முடியாது. வேறு பிரிவுகளுக்கு முயலலாம். 50 லட்சம் செலவழித்து உரிமம் பெற்றவருக்கும் இதே விதிதான். பணத்தைக் கட்டுவதற்கு முன் இந்த ஒரு செய்தியையாவது பெற்றோர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிறகு மருத்துவப் பரிசோதனை. பெங்களூரில் உள்ள விண்வெளி மருத்துவ நிறுவனத்திலோ டெல்லியிலோ அது நடக்கும். உயரம் குறைந்தது 162.5 செ.மீ. வேண்டும். கால் நீளம் 99 செ.மீ.க்குக் குறையவும் கூடாது, 120 செ.மீ.யைத் தாண்டவும் கூடாது. உட்கார்ந்த நிலை உயரத்துக்கும் தொடை நீளத்துக்கும்கூட அளவு உண்டு. ஆபத்தில் இருக்கையோடு வெளியே எறியப்படும்போது முழங்கால் எதிலும் மோதாமல் இருக்க வேண்டுமே! நிறங்களைப் பிரித்தறிவதில் குறை இருந்தால் அங்கேயே முடிந்தது. நிறக்குறை உள்ள பலருக்கு அது இருப்பதே தெரியாது. பிறவியிலேயே அப்படிப் பார்த்துப் பழகியவர்கள். ஆகவே பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போதே கண் மருத்துவரிடம் நிறப் பார்வைச் சோதனை செய்துவிடுங்கள். சில நிமிட வேலை. பல ஆண்டு ஏமாற்றத்தைத் தவிர்க்கும்.

இத்தனையும் கடந்தவரே பயிற்சிக்குள் வருகிறார். என்.டி.ஏ. வழியே வந்தவர் புனே அருகே கடக்வாஸ்லாவில் மூன்று ஆண்டு படித்துவிட்டு, ஹைதராபாத் அருகே துண்டிகலில் உள்ள விமானப் படை அகாடமிக்கு வருகிறார். பட்டதாரிகள் நேரே துண்டிகலுக்கு. அங்கே பிலாட்டஸ் என்ற சிறிய பயிற்சி விமானத்தில் முதல் கட்டம். ஒவ்வொரு பறத்தலுக்கும் பயிற்றுநர் மதிப்பிடுகிறார். தொடர்ந்து தேறாதவர் பறக்கும் பயிற்சியிலிருந்து விலக்கப்படுகிறார். காலியிடமும் தகுதியும் இருந்தால் தரைப்பணிப் பிரிவில் வாய்ப்பு கிடைக்கலாம்.

முதல் கட்டம் முடிந்தபின்தான் பாதை மூன்றாகப் பிரிகிறது: போர் விமானம், சரக்கு விமானம், ஹெலிகாப்டர். பயிற்சியாளரின் விருப்பத்தைக் கேட்கிறார்கள். ஆனால் விருப்பம் மட்டும் முடிவு செய்வதில்லை. அவர் பெற்ற மதிப்பெண், பயிற்றுநர் கண்ட இயல்பு, அந்த நேரத்தில் படைக்கு எந்தப் பிரிவில் எத்தனை பேர் தேவை ஆகிய மூன்றும் சேர்ந்தே முடிவாகிறது. கடைசியாகச் சொன்னது யார் கையிலும் இல்லை. நன்றாகப் பறந்தவரும், அந்த அணியில் போர் விமானத்துக்கு இடம் குறைவாக இருந்தால் ஹெலிகாப்டருக்குப் போக நேரிடும். இன்றைய நிலையைப் பாருங்கள். விமானப் படைக்கு அனுமதிக்கப்பட்ட போர் விமானப் படைப்பிரிவுகள் 42. மிக்-21 விமானங்கள் 2025 செப்டம்பர் 26-ல் சண்டிகரில் ஓய்வு பெற்றபின் எஞ்சியிருப்பவை 29. புதிய தேஜஸ் விமானங்கள் வர வர இடம் கூடும். ஆனால் எந்த ஆண்டில் எவ்வளவு என்பதைப் பிளஸ் டூ படிக்கும் பிள்ளை கணித்துத் திட்டமிட முடியாது.

போர் விமானப் பிரிவு கிடைத்தவர் மேலும் பயிற்சி பெற்று, கர்நாடகத்தின் பீதரில் ஹாக் என்ற ஜெட் விமானத்துக்கு வருகிறார். உடல் உண்மையாகச் சோதிக்கப்படுவது ஜெட் விமானத்தில்தான். அதிவேகத்தில் சட்டெனத் திரும்பும்போது உடலின் எடை பல மடங்காகிறது. எட்டு மடங்கு என்றால், 60 கிலோ எடையுள்ளவர் 480 கிலோவாக உணர்கிறார். தலையிலுள்ள ரத்தம் கால்களை நோக்கி இறங்குகிறது. பார்வை மங்கி, நினைவே தப்பலாம். காலையும் வயிற்றையும் இறுக்கும் காற்றுடை அணிந்து, தசைகளை முறுக்கி, மூச்சை அடக்கிப் பிடித்து இதைச் சமாளிக்கக் கற்க வேண்டும். அந்த நேரத்திலும் பக்கத்து விமானத்திலிருந்து கண்ணெடுக்கக் கூடாது, எரிபொருளைக் கணக்கிட வேண்டும், வானொலியில் பதில் சொல்ல வேண்டும். பயணிகள் விமானத்தில் நல்ல விமானி என்பவர் காபிக் கோப்பை ஆடாமல் ஓட்டுபவர். இது முற்றிலும் வேறு தொழில். ஹாக்கில் தேறிப் படைப்பிரிவுக்குப் போனபிறகும், பகலிலும் இரவிலும் எல்லாப் பணிக்கும் தகுதியானவர் என்று சொல்லப்பட மேலும் சில ஆண்டுகள் ஆகும்.

இதனால்தான், 2022 டிசம்பரில் உத்தரப் பிரதேசத்து முஸ்லிம் மாணவி ஒருவர் என்.டி.ஏ. தேர்வில் வென்றபோது, "நாட்டின் முதல் முஸ்லிம் பெண் போர் விமானி" என்று வந்த தலைப்புகள் நமக்கு வருத்தம் தந்தன. அவர் வென்றது பெரிய வெற்றி; அதில் ஐயமில்லை. ஆனால் அன்று அவர் கடந்தது முதல் வாசல். அதற்குள் அப்படியொரு பட்டத்தை ஒரு பிள்ளையின் தோளில் ஏற்றுவது அவருக்குச் செய்யும் உதவி அல்ல. பெண்களுக்கு வழி திறந்திருக்கிறது என்பது உண்மை. 2016 ஜூனில் அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் ஆகிய மூவர் போர் விமானப் பிரிவில் நியமனம் பெற்றார்கள். 2022 முதல் என்.டி.ஏ.விலும் பெண்கள் பயில்கிறார்கள்.

"நம்மவர்களை எடுப்பார்களா?" என்று சிலர் தயங்கிக் கேட்கிறார்கள். ஹைதராபாத்தைச் சேர்ந்த இத்ரீஸ் ஹசன் லத்தீஃப், இரண்டாம் உலகப் போரில் பர்மா முனையில் பறந்தவர். 1978 முதல் 1981 வரை இந்திய விமானப் படைக்கே தளபதியாக இருந்தார். தாடி பற்றியும் கேட்கிறார்கள். 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தாடி குறித்த விமானப் படையின் விதி செல்லும் என்று தீர்ப்பளித்தது. சேர நினைப்பவர் அதை அறிந்து, வீட்டாரோடு பேசி முடிவெடுப்பது நல்லது. சேர்ந்தபின் மனக்கசப்பு வேண்டாம்.

நம் பிள்ளைகளுக்குப் பெரிய தடை மொழிதான். என்.டி.ஏ. வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகிறது; நேர்காணலிலும் ஆங்கிலத்தில் தயங்காமல் பேச வேண்டும். எட்டாம், ஒன்பதாம் வகுப்பிலிருந்தே அதைத் தொடங்கினால் பயமில்லை. உடுமலைப்பேட்டை அருகே அமராவதிநகரில் உள்ள சைனிக் பள்ளி, இந்தத் தேர்வுகளுக்காகவே பிள்ளைகளை வளர்க்கிறது. டேராடூன் ராணுவக் கல்லூரிக்கு எட்டாம் வகுப்பில் சேர நடக்கும் நுழைவுத் தேர்வைத் தமிழகத்தில் டி.என்.பி.எஸ்.சி. நடத்துகிறது.

பணக் கணக்கையும் ஒப்பிட்டுப் பாருங்கள். என்.டி.ஏ. விண்ணப்பக் கட்டணம் 100 ரூபாய். பெண்களுக்கு அதுவும் இல்லை. தேர்வானவரின் பயிற்சி, தங்குமிடம், உணவு, சீருடை எல்லாம் அரசின் பொறுப்பு. துண்டிகல் பயிற்சிக் காலத்தில் மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகையும் தருகிறார்கள். போர் விமானி ஆக வேண்டும் என்பதற்காக யாரும் கடன் வாங்கத் தேவையில்லை. பயணிகள் விமானம் ஓட்டத்தான் ஆசை என்றால், அது வேறு விண்ணப்பம். அதன் வேலை வாய்ப்பையும் செலவையும் தனியே எடைபோட்டுத்தான் பேச வேண்டும்.

ஏற்கெனவே உரிமம் பெற்றுவிட்ட பட்டதாரிகள் 26 வயதுக்குள் இருந்தால், சி.டி.எஸ்., ஏ.எஃப்.கேட் இரண்டையும் ஒரு முறைகூடத் தவறவிடாமல் எழுதுங்கள். என்.டி.ஏ. அறிவிப்பு வழக்கமாக டிசம்பரிலும் மே மாதத்திலும் வருகிறது, ஏ.எஃப்.கேட் விண்ணப்பம் டிசம்பரிலும் ஜூனிலும் திறக்கிறது. விண்ணப்பம் நிரப்புவதில் ஐயம் இருப்பவர்கள் பள்ளிச் சான்றிதழ்களோடு நமது அலுவலகத்துக்கு வரலாம். நிறப் பார்வைச் சோதனைச் சீட்டும் கையில் இருந்தால் பேச்சை அங்கிருந்தே தொடங்கலாம்.